கடைசி வரிசையில் முழந்தாளிட்ட ஞாயிறு

1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு என் நோய் தொடங்கியதாக மருத்துவமனைச் சீட்டில் எழுதியிருக்கிறது. அந்த நேரத்தைச் சொன்னவள் நான்தான். அது உண்மையல்ல.

அந்த நேரத்தில் தொடங்கியது வலி மட்டுமே. எம்.ஏ. முதலாண்டு வகுப்பில் ஒரு செய்யுளை உரக்கப் படிப்பதற்காக எழுந்து நின்றேன். முதலடியைப் படித்து முடித்து, இரண்டாம் அடிக்காக மூச்சை இழுத்தபோது வலது விலாவில் கோணி ஊசியால் குத்தியதுபோல் இருந்தது. மூச்சைப் பாதியில் நிறுத்தினேன்; வலி நின்றது. மறுபடி இழுத்தேன், மறுபடி குத்தியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். ஆனால் அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பிருந்தே மாலை வேளைகளில் எனக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. வறட்டு இருமலும் இருந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை. செப்டம்பரில் துறைக் கருத்தரங்கில் நான் கட்டுரை வாசிக்க வேண்டியிருந்தது. சொன்னால் அம்மா கல்லூரிக்கு அனுப்ப மாட்டாள் என்று பயந்தேன். காரணம் அவ்வளவு சிறியது.

குணமானதைக் குறித்துச் சபையில் எழுந்து சாட்சி சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. எழுத ஓரளவு வரும். ஆகவே நடந்ததை நடந்தபடியே இங்கே எழுதுகிறேன்.

மறுநாள் காலை அப்பா என்னை ஜட்கா வண்டியில் மிஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வண்டி ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறும்போது அவர் தம் கையை என் முதுகுக்கும் பலகைக்கும் நடுவே வைத்துக்கொண்டார். புறநோயாளிகள் பகுதியில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். எக்ஸ்ரே அறையில் குளிர்ந்த தகட்டின்மேல் மார்பை ஒட்டி நிற்கவைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். என்னால் பாதிதான் இழுக்க முடிந்தது.

டாக்டர் நடுவயதுப் பெண்மணி. ஈரம் காயாத படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். இடப்பக்கம் கறுப்பாக இருந்தது. வலப்பக்கத்தின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது.

"நுரையீரலைச் சுத்தி ரெண்டு சவ்வு இருக்கும்மா. வெங்காயத் தோல் மாதிரி, ஒண்ணு மேல ஒண்ணு. அதுக்கு நடுவுல தண்ணி கோத்துக்கிட்டிருக்கு. புளூரல் எஃப்யூஷன்னு சொல்லுவோம்."

"எதனாலங்க டாக்டர்?" என்று அப்பா கேட்டார்.

"இந்த வயசுல பெரும்பாலும் டி.பி.யாத்தான் இருக்கும். பயப்படாதீங்க, மருந்து இருக்கு. எப்பம்மா ஆரம்பிச்சுது?"

"நேத்து மத்தியானம் மூணு பத்துக்கு" என்றேன். டாக்டர் சிரித்தார். இவ்வளவு துல்லியமாக எந்த நோயாளியும் சொன்னதில்லையாம். அந்தத் துல்லியம் ஒரு பொய்யை மறைப்பதற்காக என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

தண்ணீரை அன்றே எடுத்தார்கள். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகின்மேல் தலையணை வைத்து, அதை அணைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். முதுகில் மரத்துப்போக ஓர் ஊசி. பிறகு விலா எலும்புகளுக்கு நடுவே நீளமான ஊசி. "இருமாத, இருமாத" என்று நர்ஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பெரிய கண்ணாடிப் பீச்சாங்குழல் போன்ற ஒன்றில் நீரை இழுத்து இழுத்து ஒரு குவளையில் விட்டார்கள். வைக்கோல் ஊறிய தண்ணீரின் நிறம். ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. எழுந்தபோது மூச்சு அடிவரை போயிற்று. அந்த ஒரு நிமிடம் நான் ஏறக்குறைய மகிழ்ச்சியாக இருந்தேன்.

பெண்கள் வார்டில் எட்டுக் கட்டில்கள். என் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதில் எந்நாளும் மகிழ்ந்திருக்கும்படி விசுவாசிகளுக்குச் சொல்லும் வசனம் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. சிறு வயது முதல் மனப்பாடமாகத் தெரிந்த வசனம். அதன்கீழ் படுத்துக்கொண்டு, தண்ணீர் எடுத்த களைப்பில் கண்ணை மூடியபோது, ஆகஸ்டு இரண்டாம் தேதி நினைவுக்கு வந்தது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அப்போதிலிருந்து எட்டு வாரங்களுக்கு மேலாக நான் சரியாகப் படுக்கவே இல்லை என்று சொன்னால் மிகையாகாது.

ஆகஸ்டு இரண்டாம் தேதி மாதத்தின் முதல் ஞாயிறு. எங்கள் சபையில் திருவிருந்து நாள். எங்களுக்கு ஒரே பாத்திரம். பீடத்தின் முன்னுள்ள மரத்தடுப்பருகே வரிசையாக முழந்தாளிடுவோம். போதகர் அப்பத்தைக் கொடுத்துவிட்டு, திராட்சரசம் நிறைந்த வெள்ளிப் பாத்திரத்தை ஒவ்வொருவர் உதட்டிலும் வைப்பார். விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, சற்றே திருப்பி, அடுத்தவருக்குக் கொடுப்பார். யார் முதலில் போவது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் முன்பெஞ்சுகளில் எங்கள் குடும்பமும் எங்களைப் போன்ற சில குடும்பங்களும் உட்காருவோம். முதலில் எழுந்து போவோம். காலனியிலிருந்து வருகிறவர்கள் பின்னால் உட்காருவார்கள். கடைசி வரிசையாக முழந்தாளிடுவார்கள். பாத்திரம் ஒன்றுதான். ஆனால் அது எப்போதும் ஒரே திசையில்தான் போயிற்று. இருபத்திரண்டு வயதுவரை அதைப் பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை.

அந்த ஞாயிறன்று, இருமல் வந்தால் யாரும் அறியாமல் வெளியே போக வசதியாக இருக்கும் என்று கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அம்மாவிடம், முன்னால் காற்று வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஆகவே கடைசி வரிசையில் முழந்தாளிட்டேன். என் இடப்பக்கம் லில்லி டீச்சர். சபையின் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுப்பவர். கல்யாணமாகி எட்டு வருடம் குழந்தையில்லாமல் இருந்து, இப்போது ஆறாம் மாதம். சபையில் அதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. எனக்கு அவரைப் பெயரளவில்தான் தெரியும். பாத்திரம் என் உதட்டுக்கு வந்தபோது தொண்டையில் இருமல் நின்றது. அடக்கிக்கொண்டு குடித்தேன். போதகர் துடைத்தார், திருப்பினார். லில்லி டீச்சர் குடித்தார்.

காய்ச்சலோடு, இருமலோடு, தெரிந்தே. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னை எழுந்து உட்காரவைத்தது இதுதான். அந்தப் பெண்ணுக்கு நான் நோயைக் கொடுத்துவிட்டேனா? எட்டு வருடம் கழித்து வருகிற பிள்ளைக்கு?

அடுத்த மூன்று நாளும் விடிந்ததும் சளிச் சோதனை. ஆழமாக இருமி வருவதை மெழுகு பூசிய அட்டைக் குப்பியில் துப்பித் தர வேண்டும். அதைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கிருமி இருந்தால் சிவப்புக் கீற்றாகத் தெரியுமாம். பக்கத்துக் கட்டிலில் இருந்த கன்னியம்மாக்கா இதில் தேர்ந்தவர். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை விவசாயம். இரண்டாம் முறையாக வந்திருந்தார்.

"என்னா பாப்பா, எச்சிலைத் துப்புற? அது ஆவாது. அடிவயித்துலேர்ந்து கூப்பிடு. மாமியாரை நெனச்சிக்கினு இருமு."

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைக்கா."

"அதான் சளி வரல."

அவர் காலண்டரைப் பற்றியும் எங்கள் ஞாயிறு வழிபாட்டைப் பற்றியும் விசாரிப்பார். ஒருநாள் பேச்சோடு பேச்சாக, திருவிருந்தில் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடிப்போம் என்று சொல்லிவிட்டேன்.

"ஒரே டம்ளர்லயா? வாய் வெச்சா?"

"ஆமாங்க."

"எச்சில் பாக்க மாட்டீங்க?"

"மாட்டோம்."

"எல்லா ஜனமுமா? காலனி ஜனம்கூட?"

"ஆமாங்க."

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எங்க ஊரு டீக்கடையில அவங்களுக்கு வேற கிளாசு. வெளிய மாடத்துல கவுத்து வெச்சிருப்பான். நானே பாத்துக்கினுதான் இருக்கேன், ஒருநாளும் கேட்டதில்ல." பிறகு, "உங்க சாமி கெட்டிக்காரருதான். ஆனா ஒண்ணு, டி.பி. வந்தவ குடிச்சா என்னா ஆவும்?" என்றார்.

கேலியாகத்தான் கேட்டார். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். ஆனால் அவர் விடுகிற ஆளில்லை. இரண்டு நாளில் முழுவதையும் என் வாயிலிருந்து வாங்கிவிட்டார்.

இதற்கிடையில் வியாழக்கிழமைதோறும் ஒரு தூக்குப் போணி வரத் தொடங்கியது. முருங்கைக்கீரைச் சாறு. மிளகு தட்டிப் போட்டது. லில்லி டீச்சர் கொடுத்தனுப்பியதாக அம்மா சொன்னாள். "அவளுக்கு என்ன உன்மேல இவ்வளவு அக்கறை? முன்னப்பின்ன பழக்கம்கூட இல்லியே" என்று அம்மாவுக்கே வியப்பு. முதல் வியாழனன்று டீச்சரே வாசல்வரை வந்திருக்கிறார். உள்ளே வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். சாற்றைக் குடித்தேன், குடிக்காமல் கொட்டுவது அதைவிடப் பெரிய குற்றமாகத் தோன்றிற்று.

சளிச் சோதனை மூன்றிலும் கிருமி இல்லை என்று வந்தது. நான் டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். என்னிடமிருந்து வேறொருவருக்குப் போயிருக்குமா?

"சவ்வுல தண்ணி கோக்குற வகை பெரும்பாலும் மூடின வகைம்மா. வெளிய பரவுறது ரொம்பக் கம்மி. சளியைத் தடவிப் பாத்த ஸ்மியர்ல கிருமி இல்ல. ஆனா கல்ச்சர் வரட்டும், அதுவரைக்கும் நான் நூத்துக்கு நூறுனு சொல்ல மாட்டேன்." கல்ச்சர் என்றால் சளியைக் கிருமி வளர்வதற்கான புட்டியில் இட்டு, இளஞ்சூட்டில் வைத்து, முளைக்கிறதா என்று பார்ப்பது. வேலூருக்கு அனுப்பியிருந்தார்கள். ஆறு வாரம், எட்டு வாரம்கூட ஆகும்.

தினம் ஒரு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, இடுப்பில் ஒருநாள் வலம், ஒருநாள் இடம். காலையில் மாத்திரைகள். ஊசிக்குப் பிறகு தலை சுற்றும். காதில் பூச்சி ரீங்கரிப்பதுபோல் இருக்கும். தலைசுற்றல் நின்றதும் எழுந்து வலைக்கம்பி அடித்த தாழ்வாரத்தில் நடப்பேன். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நாற்பத்தோரடி. நர்ஸ் வந்து கட்டிலுக்கு விரட்டுவாள். படித்தால் மனம் நிற்கவில்லை. ஜெபித்தாலும் நிற்கவில்லை, ஜெபத்தின் நடுவே லில்லி டீச்சரின் வயிறு வந்து நின்றது. மாலையில் அப்பா சைக்கிளில் வருவார். ஒன்றும் கேட்காமல் சாத்துக்குடியை உரித்து, சுளையின் தோலையும் நீக்கி, விதை எடுத்து, ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைப்பார். இவ்வளவு அன்பைப் பெற்றுக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்ப்பேன். மகிழ்ந்திரு, மகிழ்ந்திரு என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். எப்படி என்று சொல்லவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. லில்லி டீச்சருக்குக் கடிதம் எழுதினேன். முதல் கடிதம் அழகாக இருந்தது; அதனால் கிழித்தேன். இரண்டாவதில் என் துயரம் மூன்று பக்கம் இருந்தது, அதையும் கிழித்தேன். மூன்றாவதில் நான்கே வாக்கியம். அதை அம்மாவிடம் கொடுத்தபோது அவள் மடிப்பைப் பிரித்துப் படித்தாள். நான் தடுக்கவில்லை.

"உனக்குப் பைத்தியமாடி?" அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எட்டு வருஷம் கழிச்சு உண்டாயிருக்கா. இதைப் படிச்சா அந்தப் பயத்துலயே ஏதாவது ஆயிடும். டாக்டரே ஒண்ணுமில்லைனு சொல்லிட்டாங்க இல்ல?"

"முழுசா சொல்லலைம்மா. நான் மறைச்சேன். அது அவங்களுக்குத் தெரியணும்."

"யாருக்காகத் தெரியணும்? உனக்காகவா, அவளுக்காகவா?"

கடிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். கன்னியம்மாக்கா கட்டிலில் படுத்தபடியே சொன்னார்: "உங்கம்மா சொல்றது சரிதான் பாப்பா. சொல்லிட்டா உனக்குத் தூக்கம் வரும், அவளுக்குப் போயிடும். யாருக்கு லாபம்?"

நான் தேடியது லில்லி டீச்சருடைய நலனா, என் நிம்மதியா? இந்தக் கேள்வியை அதன்பின் எத்தனையோ முறை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கல்ச்சர் வரும்வரை பொறுப்பது என்று முடிவு செய்தேன். அது முடிவா, கோழைத்தனமா என்றும் தெரியவில்லை.

செப்டம்பர் முதல் ஞாயிறன்று மாலை போதகர், எங்கள் பேச்சுவழக்கில் ஐயர், வார்டுக்கு வந்தார். எங்கள் சபைக்கு அந்த ஆண்டுதான் வந்தவர். என்னைவிட ஐந்தாறு வயதே மூத்தவர். சிறிய தோல்பெட்டியில் அப்பமும் ரசமும் சிறு பாத்திரமும் கொண்டுவந்திருந்தார். வார்டில் கிறிஸ்தவர்கள் நானும் இன்னொரு அம்மாளும் மட்டுமே. அந்த அம்மாள் வாங்கிக்கொண்டார். என்னிடம் வந்தபோது நான் தலையை அசைத்தேன்.

"ஏம்மா?"

சுருதி இல்லாத குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை. ஆறுதல் வார்த்தையும் சொல்லவில்லை; அதற்காக இன்றும் நன்றியோடு இருக்கிறேன். ஆண்டவர் மலைமேல் சொன்ன ஒன்று என் மனத்தில் இருந்தது. பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுவந்த இடத்தில், உன்மேல் ஒருவனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ. முதலில் அவனோடு சமாதானமாகு, பிறகு வா என்றார். அதுவரை அதை மற்றவர்களுக்கான அறிவுரையாகவே கேட்டிருந்தேன். காணிக்கையை வைத்துவிட்டுப் போகக் கால் இருக்கிறவனுக்குச் சொன்னது. கட்டிலோடு கிடப்பவள் எப்படிப் போவாள்?

"நீங்களே லில்லி டீச்சர்கிட்ட சொல்லிடுங்களேன் ஐயா" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. "சொல்லலாம். எனக்கும் சுலபம், உங்களுக்கும் சுலபம்." கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டார். "ஆனா அது உங்க காணிக்கைம்மா. நான் எடுத்துக்கிட்டுப் போக முடியாது. நீங்க வர்ற வரைக்கும் நாங்க காத்திருக்கோம்." எனக்காக வார்த்த ரசத்தை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கணம் விழித்தார். கீழே கொட்டக் கூடாது. திரும்பப் புட்டியிலும் ஊற்றக் கூடாது. தாமே குடித்தார். புளிப்பில் புரையேறி இருமினார்.

"ஐயரே, நீங்களும் ஒரு கட்டில் பாத்து படுத்துக்குங்க" என்றார் கன்னியம்மாக்கா. போதகரும் சிரித்தார், நானும் சிரித்தேன். விலாவில் வலித்தது.

அக்டோபர் ஏழாம் தேதி கல்ச்சர் முடிவு வந்தது. ஒன்றும் முளைக்கவில்லை. டாக்டர் அந்தத் தாளை என்னிடமே கொடுத்தார். யாருக்கும் பரவியிருக்க இடமில்லை என்றார். அம்மா கட்டில் பக்கத்திலேயே முழந்தாளிட்டு அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னாள். பத்திரப்படுத்தி வைத்திருந்த என் கடிதத்தை எடுத்துக் கிழித்துப்போட்டாள். "முடிஞ்சுதுடி. இனி அந்தப் பேச்சே வேணாம்." ஒன்பதாம் தேதி வீட்டுக்கு வந்தேன், ஊசிக்கு மட்டும் தினமும் போய்வர வேண்டும். மூப்பர் ஒருவர் வந்து, குணமான மகிழ்ச்சியைச் சபையில் சொல்லும்படி கேட்டுப் போனார்.

மகிழ்ச்சி இல்லை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. தப்பித்த உணர்வு இருந்தது. இப்போது லில்லி டீச்சரிடம் சொன்னால் அவருக்கு எந்த ஆபத்தும் இல்லை, பயமும் இல்லை. அதனாலேயே சொல்லத் தேவையும் இல்லை. எல்லாரும் அதையே சொன்னார்கள். ஆனால் பாத்திரத்தை உதட்டில் வைத்தபோது கல்ச்சர் முடிவு என் கையில் இருக்கவில்லை. நான் செய்தது செய்ததுதான். கிருமி இல்லாமற்போனது என் நல்வினை அன்று. எட்டு நாள், ஊசிக்குப் போன நேரம் போக, வீட்டுக்குள்ளேயே நடந்தேன். வியாழனன்று தூக்குப் போணி வீட்டுக்கும் வந்தது.

பதினேழாம் தேதி, சனிக்கிழமை மாலை, கழுவிய போணியை எடுத்துக்கொண்டு லில்லி டீச்சர் வீட்டுக்குப் போனேன். அந்தத் தெருவுக்கு நான் போனது அதுவே முதல் தடவை. அவர் கணவர் பஸ் கண்டக்டர், டூட்டிக்குப் போயிருந்தார். டீச்சர் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். எட்டாம் மாதம். எழ முயன்றவரைத் தடுத்துவிட்டு, நின்றபடியே சொன்னேன். மூன்று வாரக் காய்ச்சல், இருமல், தெரிந்தே குடித்தது, மறைத்தது, கல்ச்சர் முடிவு. மனப்பாடம் செய்துவைத்த நான்கு வாக்கியங்கள். தாளையும் நீட்டினேன்.

அவர் தாளைப் பார்க்கவில்லை. "காய்ச்சல்னு எனக்குத் தெரியுமே" என்றார்.

"தெரியுமா?"

"முழங்கால் போட்டப்போ உன் தோள் என்மேல பட்டுது. அடுப்பு மாதிரி கொதிச்சுது. இருமலை முழுங்குறதும் கேட்டுது."

"அப்புறம் ஏன் குடிச்சீங்க?"

லில்லி டீச்சர் சிவப்பு மசிப் பேனாவை மூடி வைத்தார். "எங்க ஊரு செங்கம் பக்கம். அங்கயும் ஒரே பாத்திரம்தான். நான் திடப்படுத்தல் எடுத்து முதல் தடவையா திருவிருந்துக்குப் போன அன்னைக்குப் புதுப் பாவாடை கட்டிக்கிட்டு முன்வரிசையில போய் முழங்கால் போட்டுட்டேன், பன்னெண்டு பதிமூணு வயசு, தெரியல. எனக்கப்புறம் மூணு பேர். மூணு பேரும் குடிக்காம எழுந்து போயிட்டாங்க. ஐயர் பாத்திரத்தைப் பிடிச்சிக்கிட்டு நின்னாரு." நோட்டுக்கட்டைத் தள்ளி வைத்தார். "உனக்கப்புறம் நான் அப்படி எழுந்து போவேனா? முன்பெஞ்சு வீட்டுப் பொண்ணு, தானா வந்து எங்க வரிசையில முழங்கால் போட்டிருக்கு. வயித்துல கையை வெச்சிக்கிட்டு, ஆண்டவரே பாத்துக்குங்கன்னு குடிச்சேன். பயமாத்தான் இருந்துது."

முருங்கைக்கீரை எதற்காக வந்தது என்று அப்போது விளங்கியது. இதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். அவர் என்னைப் பற்றி வைத்திருந்த அந்த நல்ல எண்ணத்தை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். என் வாழ்க்கையில் மிகவும் கடினமான வாக்கியத்தைப் பிறகுதான் சொன்னேன். அது நான் தயாரித்து வந்த நான்கில் இல்லை.

"நான் உங்களுக்காக வரலை டீச்சர். இருமினா வெளிய ஓடலாம்னுதான் கடைசியில உக்காந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். தெருவில் யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கும் ஓசை கேட்டது. அவர் முகத்தில் முதலில் வந்தது வலி. அதை நான் பார்த்தேன். பார்க்க வேண்டியவள் நான்தான். பிறகு மெல்ல ஒரு கோபம் வந்தது.

"அடிப்பாவி. இத்தனை வாரமா உக்காந்து கீரை ஆய்ஞ்சேனே! ஒவ்வொரு காம்பா!"

"மன்னிச்சிடுங்க டீச்சர்."

"நீ சொல்லியிருக்கணும் சுகிர்தா. அன்னைக்கே சொல்லியிருக்கணும். பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் உன்னை மன்னிச்சிருப்பேனான்னு எனக்கே தெரியாது." கண் கலங்கியது, துடைத்துக்கொண்டார். "சரி. எதுக்கு வந்தா என்ன? வந்தே இல்ல. இதுவரைக்கும் எவ வந்தா?"

எனக்கு ஏதாவது தண்டனை வேண்டும்போல் இருந்தது, அதையும் சொல்லிவிட்டேன்.

"தண்டனையா? இருக்கு." புடவைக் கரையைச் சற்றே தூக்கிப் பாதங்களைக் காட்டினார். வீங்கியிருந்தன. நகங்கள் வளர்ந்து வளைந்திருந்தன. "ரெண்டு மாசமா குனிய முடியல. அவரு வெட்டுனா சதையோட வெட்டுறாரு, டிக்கெட் கிழிக்கிற கை. நாளைக்குக் காலையில வந்து வெட்டி விடு."

வீட்டுக்கு வரும் வழியில் எனக்குச் சிரிப்பு வந்தது. தெருவில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். என் இயல்புக்கு அது முற்றிலும் மாறானது. வார்டுச் சுவரில் எழுதியிருந்ததை இத்தனை நாளும் நான் ஒரு பாடத் தேர்வைப் போல எடுத்துக்கொண்டிருந்தேன். தேறியவர்களுக்கு மகிழ்ச்சி, தேறாதவர்களுக்கு இல்லை என்று. ஆனால் முதன்முதலில் சீஷர்களுக்குப் பாத்திரத்தைக் கொடுத்த ஆண்டவர் தகுதியைக் கேட்டுக் கொடுக்கவில்லை. ஒருவன் காட்டிக்கொடுக்கப் போகிறான், ஒருவன் மறுதலிக்கப் போகிறான் என்று தெரிந்தே அன்றிரவு அவர்களுக்கு அதை நீட்டினார். லில்லி டீச்சரும் கொதிக்கிற தோளைத் தெரிந்தே எனக்குப் பின்னால் குடித்தார். எனக்கு அருளப்பட்டது அது. நான் சம்பாதித்தது ஒன்றுமில்லை. அப்படி ஒன்றைப் பெற்றவள் இனி என்ன செய்வது என்று கேட்டு நிற்பதில்லை. செய்ய வேண்டிய வேலை தெரிந்துவிடுகிறது. மனம் முழுவதும் அமைதியடைந்துவிட்டது என்று எழுதினால் அதுவும் ஒரு துல்லியமான பொய்யாகும். முன்பெஞ்சையும் கடைசி வரிசையையும் பற்றி எனக்குள் எழுந்துவிட்ட அமைதியின்மை இன்னும் அடங்கவில்லை. அது அடங்கக் கூடாது என்றே ஜெபிக்கிறேன்.

மறுநாள், பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்கு அங்கே போனேன். வெந்நீர் வைத்து, அகன்ற அலுமினியப் பாத்திரத்தில் விளாவி, லில்லி டீச்சரின் பாதங்களை அதில் வைத்தேன். நகம் ஊறுவதற்காகக் கால்மணி நேரம் காத்திருந்தோம். பிறகு தரையில் உட்கார்ந்து, வலது காலை என் மடியில் வைத்துத் துடைத்து, பெருவிரலிலிருந்து தொடங்கினேன். அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை. காலை இழுத்து இழுத்துச் சிரித்தார். வயிற்றுக்குள் பிள்ளையும் உதைப்பதாகச் சொல்லி, என் ஈரக் கையைப் பிடித்து அங்கே வைத்தார். உதைத்தது. சபையின் முதல் மணி அடித்தபோது இடது காலின் சுண்டுவிரல் மிச்சமிருந்தது. அதையும் வெட்டிவிட்டுத்தான் எழுந்தேன்.